பாலும் முட்டையும் இல்லாத வண்ண டோனட்: சென்னை வீட்டுக்கு எந்த வழி ஒத்துவரும்?

என் தங்கை மகளுக்கு வருகிற ஐப்பசியில் ஆறு வயது நிறைகிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே பசும்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முட்டையும் ஆகாது என்று பின்னால் தெரிந்தது. வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், டப்பாவில் அடுக்கிவைத்த இளஞ்சிவப்பும் மஞ்சளுமான டோனட்டுகளைப் பார்த்துக்கொண்டே தன் பையிலிருக்கும் கடலைமிட்டாயைப் பிரித்துத் தின்றுவிட்டு வீடு திரும்புவாள். அழமாட்டாள். அழாததுதான் என்னை உறுத்தியது. அவளுக்காகத்தான் ஒன்றரை ஆண்டாக, மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில், பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் சேராத டோனட்டை எண்ணெயில் பொரிக்காமல் சுட்டுச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொரித்த டோனட்டின் சுவை தனி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு டோனட்டுக்காக அரை லிட்டர் எண்ணெயைக் காயவைத்துவிட்டு, மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்று விழிக்க எனக்கு விருப்பமில்லை. குழந்தைகள் ஓடியாடும் நாளில் காயும் வாணலி பக்கத்தில் இருப்பதும் நல்லதல்ல. சரி, சுடுவது என்று தீர்மானித்தால் கேள்விகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஈஸ்ட்டா, பேக்கிங் பவுடரா? எந்தப் பால்? முட்டைக்குப் பதில் என்ன? எந்த அடுப்பு? கடைசியில், மேலே என்ன பூசுவது? எல்லோரும் இந்த வரிசையில்தான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது கேட்டால் தலைகீழாகத்தான் சொல்வேன். சென்னையில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது மேல்பூச்சு. மாவு எப்படியும் வெந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நிற்காமல் வழிவது கிளேஸ் என்கிற அந்த மேல்பூச்சுதான். அதிலும் ஐப்பசி மாதம் அடைமழை மாதம்.

எக்லெஸ் வேறு, வீகன் வேறு

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேக்கரியில் 'எக்லெஸ்' என்று எழுதியிருந்தால் முட்டை இல்லை என்பது மட்டுமே பொருள். அந்தக் குறையை ஈடுகட்டக் கண்டென்ஸ்டு மில்க்கையோ தயிரையோ தாராளமாகவே சேர்த்திருப்பார்கள். பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அப்படித்தான். பால், நெய், தேன் எல்லாம் அதற்குள் அடக்கம். விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் சேராததே வீகன்; அதை நனிசைவம் என்று தமிழில் சொல்கிறோம். அதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 'வி' எழுத்தும் இலையும் சேர்ந்த பச்சை முத்திரை அதற்கு அடையாளம். அந்த முத்திரை இல்லாத பொருளை வாங்கினால் உட்பொருள் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும். 'நான்-டெய்ரி' என்று பெரிய எழுத்தில் போட்ட சில விப்பிங் கிரீம்களில் சோடியம் கேசினேட் இருக்கிறது. அது பால் புரதம். சில மார்கரின்களில் பால் திடப்பொருள் சேர்கிறது. கொள்கைக்காக வீகன் உணவு உண்பவருக்கு இது மனவருத்தம். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது மருத்துவமனை. அதனால், 'பால் பதார்த்தங்களும் தயாராகும் இடத்தில் செய்யப்பட்டது' என்ற சிறிய வரியைக்கூட நான் விடாமல் பார்க்கிறேன்.

மூன்று மேல்பூச்சுகள், மூன்று பருவங்கள்

பிற நாட்டுச் செய்முறைகளில் பாதிக்கு மேல் தேங்காய் எண்ணெயை நம்பித்தான் இருக்கின்றன. உருக்கிய தேங்காய் எண்ணெயில் கோகோவையோ பொடித்த சர்க்கரையையோ கலந்து டோனட்டை முக்கினால், ஆறியதும் ஓடுபோல் இறுகிவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைகிறது. சென்னையில் அந்தக் குளிர் எப்போது வருகிறது? மார்கழிக் காலையில் எண்ணெய்க் குப்பியை வெயிலில் வைத்து உருக்குகிறோமே, அந்தச் சில நாட்களில் மட்டும். மற்ற மாதங்களில் அது எண்ணெயாகவே இருக்கும். டோனட்டுக்குள் ஊறி, மேலே பிசுபிசுப்பை மட்டும் விட்டுவைக்கும்.

டார்க் சாக்லேட் உருக்கிப் பூசுவதும் இதற்கு உறவுதான். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகுகிறது. போன மே மாதம் மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஒரு டப்பா சாக்லேட் டோனட் எடுத்துச்சென்றேன். வீட்டில் குளிர்பெட்டியில் வைத்து இறுக்கியவை, கிளம்பும்போது கண்ணாடிபோல் மின்னின. தங்கை வீட்டில் மூடியைத் திறந்தபோது பன்னிரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, பூச்சு முழுவதும் டப்பாவின் அடியில் தேங்கியிருந்தது. குழந்தை ஒன்றும் சொல்லாமல் விரலால் தொட்டு நக்கினாள். அன்றோடு வெயில்காலத்தில் சாக்லேட் பூச்சைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். வீட்டிலேயே செய்து, அரைமணி நேரத்தில் பரிமாறிவிடுபவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஒரு கவனம் மட்டும் வேண்டும்: 'டார்க்' என்று பெயர் இருந்தாலும் பலவற்றில் பால் திடப்பொருள் உண்டு.

இரண்டாவது வகை தேங்காய்ப்பால் கிளேஸ். கெட்டியான முதல் பாலில் பொடித்த சர்க்கரையைக் குழைப்பது. சுவையில் இதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் துணிபு. ஏலக்காய் ஒரு சிட்டிகை சேர்த்தால் ஆப்பத்துக்கு ஊற்றும் இனிப்புத் தேங்காய்ப்பாலை நினைவூட்டும். ஆனால் கொழுப்பு இருப்பதால் இது முழுவதுமாக உலராது. தொட்டால் விரலில் ஒட்டும். வெயில் நாளில் நாலைந்து மணி நேரம் தாண்டினால் புளிப்பு வாடை வந்துவிடும். வீட்டோடு உண்பதற்கு அருமை, டப்பாவில் அடைத்து அனுப்புவதற்கு ஆகாது.

மூன்றாவது, வெறும் தண்ணீர் கிளேஸ். பொடித்த சர்க்கரையும் நீரும், சில துளி எலுமிச்சைச் சாறும். பார்க்க எளியது, ஆனால் நம் ஊரில் நம்பத்தக்கது இது ஒன்றுதான். ஐசிங் சுகர் வாங்கத் தேவையில்லை. ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து மிக்சியில் இரண்டு சுற்று அரைத்து, மெல்லிய துணியிலோ நுண்சல்லடையிலோ சலித்துக்கொண்டால் போதும். சலிக்காமல் விட்டால் பூச்சில் மணல்போல் நெருடும். 120 கிராம் பொடிக்கு நாலு அல்லது ஐந்து தேக்கரண்டி நீர் போதும். ஒவ்வொரு தேக்கரண்டியாக விட வேண்டும். கடைசி அரைத் தேக்கரண்டியில்தான் எல்லாம் கெடுகிறது. கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழுந்து, விழுந்த தடம் எட்டுப் பத்து நொடியில் மறைய வேண்டும். உடனே மறைந்தால் நீர்த்துவிட்டது, இன்னும் சர்க்கரை போடுங்கள்.

வெயில்காலத்தில் இந்தப் பூச்சு மின்விசிறிக் காற்றில் இருபது முப்பது நிமிடத்தில் உலர்ந்து மெல்லிய ஏடு கட்டிவிடும். மழைக்காலத்தில்தான் சோதனை. சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. போன ஐப்பசியில் ஒரு மணி நேரம் காத்திருந்தும் டோனட் வியர்த்துக்கொண்டே இருந்தது. பலபேர் சொன்னார்கள் என்று குளிர்பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்த இரண்டு நிமிடத்தில் மேலே நீர்த்துளி பூத்து, சிவப்பு நிறம் கோடுகோடாக வடிந்துவிட்டது. குளிர்பெட்டி இதற்கு எதிரி. எனக்குக் கைகொடுத்த வழி வேறு. கலந்த கிளேஸ் பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, விரல் பொறுக்கும் சூடு வரும்வரை கிளறி, அந்தச் சூட்டோடு முக்கியெடுக்க வேண்டும். சூடான கிளேஸ் ஆறும்போதே சர்க்கரை மேலே மெல்லிய தோலாகப் படிந்துவிடுகிறது; பளபளப்பும் கூடுகிறது. டோனட் மட்டும் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடான டோனட் எந்தப் பூச்சையும் குடித்துவிடும்.

சர்க்கரையே வீகன்தானா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சில நாடுகளில் சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரியைப் பயன்படுத்துவது உண்டு. இந்தியச் சர்க்கரை ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பையும் கந்தக டை ஆக்சைடையும் கொண்டுதான் சாற்றைத் தெளியவைக்கின்றன. ஆகவே நம் மளிகைக்கடைச் சர்க்கரையை நான் தயங்காமல் எடுக்கிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது

குழந்தைகளுக்கு டோனட் என்றாலே நிறம்தான். இங்கே இரண்டு பாதைகள்: கடையில் விற்கும் செயற்கை நிறங்கள், வீட்டில் பூவிலும் கிழங்கிலும் எடுக்கும் நிறங்கள்.

செயற்கை நிறத்தை ஒரேயடியாகத் திட்ட நான் வரவில்லை. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டு. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பிரில்லியன்ட் புளூ போன்றவை அவற்றில் சில. பெரும்பாலான உணவுகளில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது உச்ச அளவு. நாற்பது டோனட் ஒரே நிறத்தில் வேண்டும், மறுநாள் வரை மங்கக்கூடாது என்றால் ஜெல் நிறம்தான் வழி. ஊசிமுனை அளவு போதும், கிளேஸும் நீர்த்துப்போகாது. பயமெல்லாம் பெயரும் எண்ணும் இல்லாத சில்லறைப் பொட்டலங்களைப் பற்றித்தான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம் துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி என்று ஆய்வில் தெரிந்தது. உட்பொருள் எழுதாத நிறப்பொடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் என் வீட்டுக்குள் வராது.

நிறப்பொடியைவிட வீகன் சமையலில் அதிகம் ஏமாற்றுவது மேலே தூவும் வண்ணமணிகள். அவற்றின் பளபளப்புக்கு ஷெல்லாக் பூசுவது உண்டு. அது அரக்குப் பூச்சியின் பிசின், பட்டியலில் 904 என்ற எண்ணில் இருக்கும். சிவப்புக்குப் பயன்படும் கார்மைன் ஒருவகைப் பூச்சியை நசுக்கி எடுப்பது. அதன் எண் 120. விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினும் சிலவற்றில் உண்டு. இந்த மூன்றையும் தேடிப் பார்த்துச் சலித்துவிட்டதால், இப்போது பொடித்த பிஸ்தாவும் உலர்தேங்காய்த் துருவலும் வறுத்த எள்ளும்தான் தூவுகிறேன்.

வீட்டு நிறங்களில் எனக்கு முதலிடம் சங்குப்பூ. எங்கள் மாடிப்படி ஓரத்துக் கொடியில் அன்றாடம் பூக்கிறது. கொடி இல்லாதவர்களுக்கு உலர்ந்த பூ நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு, பன்னிரண்டு பதினைந்து பூக்களை மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தால் பேனா மைபோல் நீலம் இறங்கும். அந்த நீரால் கிளேஸ் குழைத்தால் தை மாதத்து வானத்தின் நீலம். முதல்முறை செய்தபோது தங்கை மகளை முக்காலியில் ஏற்றி நிறுத்திக்கொண்டேன். நீலக் கிளேஸைப் பாதி வேறு கிண்ணத்துக்கு மாற்றி, எலுமிச்சை மூடியை அவள் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னேன். முதல் துளி விழுந்த இடத்தில் ஊதா வட்டம் ஒன்று பூத்தது. அவள் கரண்டியால் சுற்றச் சுற்ற அது விரிந்து கிண்ணம் முழுவதும் ஊதாவாகிவிட்டது. "பெரியம்மா, இன்னொரு தடவை!" என்று கத்தினாள். அன்று மூன்று எலுமிச்சம்பழம் செலவானது. புளிப்பு பட்டால் நிறம் மாறும் ஆந்தோசயனின் என்ற நிறமி அந்தப் பூவில் இருக்கிறது என்பதை அவளுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சமைப்பவர் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: நீலம் வேண்டுமானால் எலுமிச்சை கூடாது. ஊதா வேண்டுமானால் அதைவிட எளிய வழி கிடையாது.

இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட். துருவித் துணியில் பிழிந்த சாறு ஒரு தேக்கரண்டியே 120 கிராம் சர்க்கரைக்குப் போதும். இன்னும் அழுத்தமான சிவப்பு வேண்டும் என்று இரண்டு மூன்று தேக்கரண்டி விட்டால் மண்வாசனை எட்டிப்பார்க்கும், கிளேஸும் நீர்த்துவிடும். இங்கே எலுமிச்சை நண்பன். நாலு துளி விட்டால் நிறமும் தெளியும், மண்வாசனையும் அடங்கும். சாற்றைச் சுண்டவைத்துக் கெட்டியாக்கலாம் என்று முயன்றேன். கொதிக்கக் கொதிக்கப் பழுப்பாகிவிட்டது. அதே காரணத்தால் மாவில் கலந்தும் சுடக் கூடாது. மழைநாளில் கிளேஸைச் சூடாக்கும்போதும் பீட்ரூட்டுக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே இறக்கிவிடுகிறேன்.

மஞ்சளுக்கு மஞ்சள்தூள் கால் தேக்கரண்டியில் பாதி. வாசனை தெரியாதா என்று கேட்பார்கள். எலுமிச்சைத்தோல் துருவல் கொஞ்சம் சேர்த்தால் தெரியாது. சோடா உப்பு பட்ட கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள். ஆரத்திக்கு மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே வேலை இங்கும் நடந்துவிடும். பச்சைக்கு எல்லோரும் பாலக்கீரையைத்தான் சொல்கிறார்கள். நான் கண்டுகொண்டது அதைவிட நேர்த்தியான வழி: சங்குப்பூ நீலத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள். தளிர்ப்பச்சை கிடைக்கும், கீரை வாசனை கிடையாது. செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு. நாவல்பழக் காலத்தில் அதன் சாறு கருநீல ஊதா தரும், ஆனால் துவர்ப்பும் கூட வரும்.

சௌகார்பேட்டையில் இருக்கும் என் தோழி சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் வீட்டில் மண்ணுக்கடியில் விளையும் பீட்ரூட்டையும் கேரட்டையும் சேர்ப்பதில்லை. அவளுக்குச் செய்யும்போது இளஞ்சிவப்பு முழுவதும் செம்பருத்தியிலிருந்துதான். விருந்துக்கு யாரை அழைக்கிறோம் என்பதையும் நிறம் தேர்ந்தெடுக்கும்போது பார்த்துக்கொள்வது நல்லது.

பூநிறங்களின் குறை என்னவென்றால் அவை ஒரு நாள்தான் தாங்கும். மறுநாள் பீட்ரூட் வெளிறிப்போகும், நீலம் சாம்பல் பூக்கும். ஜெல் நிறத்தின் பளிச்சென்ற தோற்றமும் வராது. வீட்டுப் பிறந்தநாளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பேன். விற்பனைக்குச் செய்பவருக்கு அது பெரிய குறைதான்.

மாவு: பன் வேண்டுமா, கேக் வேண்டுமா

ஈஸ்ட் போட்டு ஊதவைத்துச் சுட்டால் என்ன வருகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பன் வருகிறது. நல்ல பன், நடுவில் துளை உள்ள பன். டோனட்டின் அந்த மெல்லிய மொறுமொறுப்பு எண்ணெய்ச் சூடு தருவது. உலர்ந்த சூட்டில் அது கிடைக்காது. சுட்டெடுத்த உடனே எண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும், ஆனால் மூன்று நாலு மணி நேரத்தில் வறண்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு ஈஸ்ட் வேகமாகவும் வேலை செய்கிறது. மே மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்குள் மாவு இரட்டிப்பாகிவிடும். கவனிக்காமல் விட்டால் புளித்த தோசைமாவு வாடை. ஐஸ்தண்ணீரில் பிசைவது அதற்கு மாற்று. மென்று தின்னும் பதம் பிடித்தவர்கள், மாலை நாலு மணிக்குச் சுட்டு ஐந்து மணிக்கு உண்பவர்கள் இதைச் செய்யலாம். மாவைப் பிசைவதில் உள்ள சுகம் தனி என்பதும் உண்மை.

எனக்குப் பேக்கிங் பவுடர்தான். பிசையத் தேவையில்லை, ஊறத் தேவையில்லை, அடுப்பு சூடாவதற்குள் மாவு தயார். பதம் கேக்குபோல் இருக்கும், அடுத்த நாள் மாலைவரை ஈரப்பதம் குறையாது. ஆறு டோனட்டுக்கு என் அளவு: மைதா 125 கிராம், பொடித்த சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா உப்பு ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, சோயாபால் 130 மில்லி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் 40 மில்லி. பாலில் எலுமிச்சை விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் மோர்போல் திரியும்; அந்தப் புளிப்பும் சோடாவும் சேர்ந்துதான் மாவைத் தூக்கிவிடுகின்றன. ஈரத்தையும் உலர்ந்ததையும் கலந்தபின் கட்டி மறைந்தால் போதும், அடித்துக் கலக்கினால் ரப்பராகிவிடும். இட்லிமாவைவிடக் கொஞ்சம் கெட்டியான பதம். பால் உறையின் மூலையை வெட்டுவதுபோல் ஒரு பையின் மூலையை வெட்டி, அதன்வழியே குழியில் முக்கால் பங்குக்குக் கீழே நிரப்ப வேண்டும். மேலே போனால் துளை மூடிக்கொண்டு குழிப்பணியாரமாகிவிடும். கோதுமைமாவு பாதி சேர்க்கலாம். முழுவதும் என்றால் கனத்துவிடும். கேழ்வரகு மாவு கோகோவோடு மட்டும் நன்றாகச் சேர்கிறது.

பாலில் சோயாபாலை முதலில் வைப்பது அதன் புரதத்துக்காக. எலுமிச்சையில் ஒழுங்காகத் திரிவது அதுதான், சுடும்போது நிறமும் நன்றாக ஏறுகிறது. பச்சைச் சோயா வாடை பிடிக்காதவர்களுக்கு நிலக்கடலைப்பால்: 100 கிராம் பச்சைக் கடலையை இரவு ஊறவைத்து, அரை லிட்டர் நீரில் அரைத்து வடிகட்டிக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். இவ்வளவு மலிவாக வேறு எந்தப் பாலும் அமையாது. ஆனால் வெளியார் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கடலை ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். முந்திரிப்பால் வழவழப்பாக வரும், விலைதான் இடிக்கும். ஓட்ஸ்பால் வீட்டில் அரைத்தால் கொழகொழக்கிறது. தேங்காய்ப்பாலை மாவில் விட்டு வீணாக்க எனக்கு மனம் வராது, அதன் இடம் கிளேஸ்.

முட்டைக்கு மாற்று என்று ஆளிவிதை, வாழைப்பழம், கொண்டைக்கடலை வேகவைத்த நீர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்தால் ஒரு முட்டைக்கு ஈடு. ஆனால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பச்சைப்பழம் போட்டால் எல்லா நிறமும் வாழைப்பழ வாசனையில்தான் முடியும். நவராத்திரியில் சுண்டலுக்கு உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலையின் கெட்டி நீர் மாவை இலேசாக்குகிறது, அதைக் கொட்டாமல் எடுத்துவைக்கலாம். என்றாலும் மேலே சொன்ன அளவுக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. திரிந்த சோயாபால் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வாங்க வேண்டிய பொருளில் ஒன்று குறைகிறது.

எந்த அடுப்பு

ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின்அடுப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 180 டிகிரியில் முன்சூடு ஏற்றி, பத்து பதினோரு நிமிடம். இரண்டு கம்பியும் எரிய, தட்டு நடுத்தட்டில் இருக்க வேண்டும். சிறிய ஓ.டி.ஜி. 1300 வாட் என்று வைத்துக்கொண்டால் முன்சூடும் சேர்த்து ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம்தான். ஆறு குழி உலோகத் தட்டு அதில் அமர்கிறதா என்று உள்ளளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பாரிமுனையின் மொத்தக்கடைத் தெருக்களில் விதவிதமாக இருக்கின்றன. உலோகத்தில் அடிப்புறம் பொன்னிறமாகும், சிலிக்கானில் வெளிறியே இருக்கும்.

ஏர் ஃப்ரையரில் 160 டிகிரி, எட்டொன்பது நிமிடம், தனித்தனி சிலிக்கான் அச்சில் ஒரு நடைக்கு நாலு. விசிறிக்காற்று மேல்தோலைச் சற்று உலர்த்திவிடுகிறது. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு இது போதும். பிரஷர் குக்கரில் உப்பு பரப்பி, வாஷரையும் குண்டையும் எடுத்துவிட்டுச் சுடுவது பழைய வழி. இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும், மேல்புறம் சிவக்காது. வெறும் சூட்டில் வாடி குக்கர் பழுதாகும் என்பதால் பழைய அடிகனமான பாத்திரத்தையே எடுக்கச் சொல்வேன்.

அடுப்பே வாங்க மனமில்லாதவர்களுக்குக் குழிப்பணியாரச் சட்டி. இது சுடுவது ஆகாது, துளையும் இருக்காது. ஆனால் குழிக்கு நாலு துளி எண்ணெயில், மூடிபோட்டு, திருப்பிவிட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடத்தில் உருண்டை டோனட் தயார். மேல்தோல் இலேசாக மொறுமொறுவென்று வருவதால், பொரித்த டோனட்டுக்கு மிக அருகில் இருப்பது உண்மையில் இதுதான். வாயில் ஒரே கடியாகப் போடும் அளவு என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு இதையே அதிகம் விரும்புகிறேன். மின்தடை வந்தாலும் வேலை நிற்காது. மழைமாதப் பிறந்தநாளுக்கு அது சின்ன விஷயமில்லை.

ஐப்பசிக்கு நான் தீர்மானித்திருப்பது இப்படி. முந்தைய நாள் இரவு ஓ.டி.ஜி.யில் பேக்கிங் பவுடர் டோனட் இருபத்துநாலு சுட்டு, ஆறியபின் மூடிய டப்பாவில் வைப்பேன். கிளேஸ் கையில் எடுத்துச்செல்லப் போவதில்லை. சலித்த சர்க்கரைப்பொடி ஒரு டப்பா, பிழிந்த பீட்ரூட் சாறு ஒரு சின்னக் குப்பி, எலுமிச்சம்பழம் ஆறு என்று தனித்தனியாகத் தாம்பரத்துக்குப் போகும். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கேயே கொதிநீரின் மேல் கிளேஸைச் சூடாக்கி, மின்விசிறிக்கு நேர்கீழே கம்பித்தட்டை வைத்து முக்கியெடுக்கலாம். நீலம் எத்தனை, ஊதா எத்தனை என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் நீலம், பெரியம்மா. அவங்க அவங்க எலுமிச்சை பிழியட்டும்" என்றாள். ஆகவே பீட்ரூட்டை விட்டுவிட்டு, கொடியில் பூக்கும் சங்குப்பூவையெல்லாம் இப்போதே நிழலில் உலர்த்திச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.